திகதி தெரிந்த தொற்று

சந்தியில் ஒரு கேள்வி

தம்புள்ளையில் இரண்டு பெருந்தெருக்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. ஒன்று கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9. மற்றது அம்பேபுஸ்ஸவிலிருந்து குருநாகல் வழியாகத் திருகோணமலைக்குப் போகும் ஏ6. யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயமும் நுவரெலியாவின் லீக்ஸும் கரட்டும் இந்த ஊர்ச் சந்தையில்தான் கைமாறுகின்றன. இரவெல்லாம் லொறி வரும், போகும். நாட்டாமிமார் மூட்டை இறக்கி முடிப்பதற்குள் சாரதி ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு, நித்திரை கலையாத கண்ணோடு மறுபடி வண்டியை எடுப்பார். இப்படி ஓடும் தெருக்களில் விபத்துக்குப் பஞ்சமில்லை. விபத்து என்றால் வைத்தியசாலை, வைத்தியசாலை என்றால் பெரும்பாலும் இரத்தம்.

இரத்தம் ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டதுமே வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்: "டொக்டர், அது சோதிச்ச இரத்தம்தானே?" சோதித்ததுதான் என்று பதில் வரும். அதற்கு அடுத்த கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. வீதியோரத் தேநீர்க் கடையில்தான் அது வெளிவரும். "எச்.ஐ.வி. மற்ற வழியில தொத்தினா பத்து வருசம் இருக்கலாமாம். நேரா நரம்பில ஏத்தின இரத்தத்தில வந்தா ஆள் தாங்காதாமே?"

நியாயமான கேள்வி. ஒரு சொட்டில் ஒளிந்து வரும் கிருமிக்கும், ஒரு பை நிறைய வரும் கிருமிக்கும் வித்தியாசம் இருக்கத்தானே வேண்டும்? தோலையும் சவ்வையும் தாண்டி வரவேண்டியதற்கும், நேரடியாக நாளத்துக்குள் நுழைவதற்கும் ஒரே வேகமா இருக்கும்? 1980களில் வைத்தியர்களும் இதையேதான் கேட்டார்கள். பதில் கிடைத்தபோது அது பலர் எதிர்பார்த்ததாக இருக்கவில்லை.

தொற்றுவது வேறு, வளர்வது வேறு

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம்.

முதலாவது, கிருமி உடலுக்குள் குடியேறும் வாய்ப்பு எவ்வளவு? இதில் இரத்தம் ஏற்றுதலுக்கு இணையே இல்லை. எச்.ஐ.வி. உள்ள ஒரு பை இரத்தம் ஏற்றப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்று ஏற்படுகிறது. தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி தவறுதலாகத் தாதி ஒருவரின் விரலில் குத்தினால், அந்த வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஒரு தடவை பாலுறவில் அது பெரும்பாலும் நூற்றில் ஒன்றையும் எட்டுவதில்லை; பல வேளைகளில் அதைவிட மிகக் குறைவு. ஆக, தேநீர்க் கடைப் பயத்தில் பாதி சரி.

இரண்டாவது, குடியேறிய பிறகு நோய் எவ்வளவு வேகமாக முற்றும்? பயத்தின் மறுபாதி இங்கேதான் சறுக்குகிறது. எச்.ஐ.வி. தானாகப் பெருகும் பொருள். மருந்தெடுக்காத ஒருவரின் உடலில் ஒரே நாளில் உருவாகும் புதிய வைரசுகள் ஏறத்தாழ ஆயிரம் கோடி என்று 1990களின் நடுப்பகுதியில் கணக்கிட்டார்கள். இந்த வேகத்தில் பெருகுவதற்கு முன்னால், முதல் நாள் உள்ளே வந்தது சொட்டளவா, பையளவா என்பது சில வாரங்களிலேயே அடையாளம் தெரியாமல் போய்விடும். முதல் சில மாதங்களில் வைரசின் அளவு ஏறி, பிறகு இறங்கி, ஆளுக்கு ஆள் வேறுபடும் ஒரு மட்டத்தில் நின்றுகொள்ளும். இதைத் 'தங்குமட்டம்' என்று அழைப்போம். நோயின் வேகத்தைச் சொல்வது இந்தத் தங்குமட்டம்தான். நுழைந்த வாசல் அல்ல.

இது காகிதத்தில் போட்ட வாதம். உண்மையில் மனிதர்கள் இப்படித்தான் வாழ்ந்தார்களா, இறந்தார்களா என்று பார்க்க வேண்டுமானால் ஒரு விடயம் கட்டாயம் தெரிய வேண்டும்: தொற்றிய திகதி.

பையில் ஒட்டிய இலக்கம்

எச்.ஐ.வி. தொற்றும் நாளில் எதுவும் நடப்பதில்லை. சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், தொண்டை நோவு, தோலில் தடிப்பு வரும், போய்விடும். பிறகு ஆண்டுக்கணக்கில் ஆள் சுகமாகவே இருப்பார். நோய் வெளிப்பட்டு வைத்தியரிடம் வரும்போது, எப்போது தொற்றியது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. தொடங்கிய நாள் தெரியாத ஓட்டத்தில் ஓடியவரின் வேகத்தை எப்படி அளப்பது?

இரத்தம் மூலம் தொற்றியவர்களின் நிலைமை வேறு. ஒரு வைத்தியசாலை வார்டில் இரத்தம் ஏற்றுவதைக் கவனித்தால் காரணம் புரியும். ஏறத்தாழ 450 மில்லிலீற்றர் கொள்ளும் பை. அதன் மேல் ஒட்டிய சீட்டில் கொடை இலக்கம், இரத்த வகை, எடுத்த திகதி, காலாவதித் திகதி. ஏற்றுவதற்கு முன் இரண்டு பேர் அந்த இலக்கத்தை நோயாளியின் டிக்கெட்டோடு சத்தமாக வாசித்து ஒப்பிடுவார்கள். ஏற்றத் தொடங்கிய நேரமும் பையின் இலக்கமும் அதே டிக்கெட்டில் பதியப்படும். இரத்த வங்கியின் பதிவேட்டில் அந்த இலக்கத்துக்குரிய கொடையாளி இருப்பார். பிறகொரு நாள் கொடையாளிக்குத் தொற்று என்று தெரியவந்தால், அவருடைய பழைய பைகள் யார் யாருக்குப் போயின என்று பின்னோக்கித் தேடலாம். நோயாளிக்குத் தொற்று என்றால் அங்கிருந்து கொடையாளியைத் தேடலாம். இந்த வேலையைத் 'தடம்பார்த்தல்' என்று சொல்லலாம்.

ஆக, தொற்றிய நாள் மட்டுமல்ல, மணியும்கூடத் தெரிந்த எச்.ஐ.வி. நோயாளிகள் இவர்கள். ஒரு கொடிய தவறினால் தொற்று வாங்கிய இந்த மனிதர்கள்தான், தங்கள் விருப்பமே இல்லாமல், இந்த நோய் மனித உடலில் எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை உலகத்துக்கு அளந்து காட்டினார்கள்.

பிரித்தானியாவில் உறைந்து கிடந்த மாதிரிகள்

இரத்தப் பையால் மட்டுமல்ல, இரத்தத்திலிருந்து செய்த மருந்தாலும் எச்.ஐ.வி. தொற்றியது. ஹீமோபிலியா என்பது குருதி உறையா நோய். பிறவியிலேயே வரும், பெரும்பாலும் ஆண்களுக்கு. காயம் பட்டால் இரத்தம் நிற்காது, மூட்டுகளுக்குள்ளேயே கசியும். 1970களில் இதற்கு ஓர் அற்புத மருந்து வந்தது. ஆயிரக்கணக்கான கொடையாளிகளின் இரத்தத் தெளிவை ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து உறைதற் காரணியைப் பிரித்துத் தூளாக்கினார்கள். வீட்டிலேயே கரைத்து ஊசி போட்டுக்கொள்ளலாம். ஆனால் கலந்தவர்களில் ஒருவருக்குக் கிருமி இருந்தாலும் அந்தத் தொகுதி முழுவதும் கெட்டுவிடும். பிரித்தானியா பயன்படுத்திய தூளில் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே காசுக்காக இரத்தத் தெளிவை விற்றவர்கள் பலர்.

1985இல் எச்.ஐ.வி. சோதனை கைக்கு வந்ததும், வைத்தியசாலைகள் குளிர்ப்பெட்டிகளில் ஆண்டுக்கணக்கில் உறையவைத்திருந்த இவர்களின் பழைய இரத்த மாதிரிகளை வெளியே எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் கடைசியாகத் தொற்று இல்லாத மாதிரி எது, முதன்முதலாகத் தொற்றுத் தெரிந்த மாதிரி எது என்று பார்த்தார்கள். இரண்டுக்கும் இடையில் எங்கோ தொற்றிய நாள்.

ஒக்ஸ்போர்டின் புள்ளியியலாளர் சாரா டார்பியும் நாட்டின் ஹீமோபிலியா நிலையங்களின் வைத்தியர்களும் சேர்ந்து இந்த மனிதர்கள் அனைவரையும் பின்தொடர்ந்தார்கள். மொத்தம் 6,278 ஆண்கள். அவர்களில் 1,227 பேருக்கு 1979க்கும் 1986க்கும் இடையில் எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. 1995இல் வெளிவந்த அவர்களின் கணக்கு இது. கடுமையான ஹீமோபிலியா உள்ளவர்களில், கிருமி பரவுவதற்கு முன் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 8 பேர் இறந்தார்கள். பிறகும், தொற்றாதவர்களிடையே அது 8 ஆகவே நின்றது. தொற்றியவர்களிடையே 1991–92இல் அது 81.

அதே நோய், அதே வைத்தியர்கள், அதே நாடு. இறப்பு பத்து மடங்கு. எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி.யே அல்ல, மருந்துகள்தான், வறுமைதான் என்று அந்த நாட்களில் சிலர் சாதித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு கணக்கே அவர்களுக்குப் போதுமான பதில்.

மறு ஆண்டு அதே குழு இன்னொரு கேள்வி கேட்டது. தொற்றிப் பத்து ஆண்டு கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? மொத்தத்தில் நூற்றுக்கு 67. ஆனால் தொற்றியபோது இருந்த வயதைப் பொறுத்துப் பிரித்தபோதுதான் உண்மை முகம் காட்டியது. 15 வயதுக்குக் குறைந்தவர்களில் நூற்றுக்கு 86 பேர். 15 முதல் 34 வயது வரை 72. 35 முதல் 54 வரை 45. 55க்கு மேல் 12.

ஒரே மருந்துத் தூள். ஒரே நரம்பு வழி. ஆனால் இளைஞர்களில் பத்துக்கு ஏழு பேர் இருக்கிறார்கள், முதியவர்களில் பத்துக்கு ஒருவர்தான் மிஞ்சுகிறார். முதியவர்கள் எப்படியும் வேறு நோயால் இறந்திருப்பார்களே என்று நினைக்கலாம். அந்த வயதில் எச்.ஐ.வி. இல்லாமலே எதிர்பார்க்கக்கூடிய இறப்பைக் கழித்துப் பார்த்தார்கள். வித்தியாசம் மறையவில்லை.

இரண்டு நூறு பேர்

அப்படியானால் இரத்தம் ஏற்றியவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறக்கிறார்கள் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? தொடக்க கால அறிக்கைகள் பலவற்றில் அது உண்மைபோலவே தெரிந்தது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கண்கட்டு வித்தை அவிழ்ந்துவிடும். கையில் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டலும் பெருக்கலும் போதும்.

இரண்டு குழுக்களைக் கற்பனை செய்வோம். ஒவ்வொன்றிலும் நூறு பேர். முதல் குழுவில் இருப்பவர்கள் ஹீமோபிலியா நோயாளிகள். பிறவி நோய் என்பதால் பெரும்பாலும் இளைஞர்கள்: 80 பேர் 15 முதல் 34 வயதுக்குள், 20 பேர் 55க்கு மேல். இரண்டாம் குழுவில் இருப்பவர்கள் சத்திரசிகிச்சையில் இரத்தம் ஏற்றப்பட்டவர்கள். இருதயம், குடல், எலும்பு முறிவு என்று கத்திக்கு வருபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். ஆகவே இங்கே மறுதலை: 20 பேர் இளைஞர்கள், 80 பேர் முதியவர்கள்.

நாம் கற்பனை செய்தது இவ்வளவுதான். உயிர் பிழைக்கும் விகிதத்துக்கு டார்பி குழு கண்ட எண்களையே எடுப்போம்: இளைஞர்களில் நூற்றுக்கு 72, முதியவர்களில் நூற்றுக்கு 12. இரண்டு குழுவுக்கும் இதே விகிதம்தான். அதாவது தொற்றிய வழி எந்த வித்தியாசமும் செய்யவில்லை என்று நாமே முடிவுகட்டி வைத்துக்கொள்கிறோம்.

பத்து ஆண்டு கழித்து எண்ணுவோம். முதல் குழுவில், 80 இளைஞர்களில் நூற்றுக்கு 72 வீதம் என்றால் 57.6. 20 முதியவர்களில் நூற்றுக்கு 12 வீதம் 2.4. கூட்டினால் 60 பேர் உயிரோடு. இரண்டாம் குழுவில், 20 இளைஞர்களில் 14.4. 80 முதியவர்களில் 9.6. கூட்டினால் 24.

60க்கு 24. யாராவது இந்த இரண்டு எண்களை மட்டும் செய்தித்தாளில் போட்டால் நாம் என்ன நினைப்போம்? ஏற்றிய இரத்தத்தில் வந்த கிருமி இரண்டரை மடங்கு கொடியது என்று நினைப்போம். ஆனால் வழிக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நாமேதான் கணக்கைப் போட்டோம்! இந்த வித்தியாசம் முழுவதையும் வயதுதான் செய்திருக்கிறது. இரண்டாம் குழுவிலும் 80 இளைஞர்கள், 20 முதியவர்கள் என்று மாற்றிவையுங்கள். அங்கேயும் 60 என்றுதான் வரும். இப்படி மாற்றிவைத்து ஒப்பிடுவதை 'வயதைச் சமன்செய்தல்' என்பார்கள். அதைச் செய்யாமல் இரண்டு கூட்டத்தாரின் இறப்பை ஒப்பிடும் எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை; புற்றுநோயானாலும் சரி, கொரோனாவானாலும் சரி.

கற்பனையை விட்டு உண்மைக்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் ஐரோப்பா, வட அமெரிக்கா, அவுஸ்திரேலியாவின் 38 ஆய்வுகளை ஒன்றாக்கி, தொற்றிய காலம் ஓரளவு நிச்சயமாகத் தெரிந்த 13,030 பேரின் கதையைப் பார்த்தார்கள். இரத்தப் பொருள்களால் தொற்றியவர்கள், பாலுறவால் தொற்றியவர்கள், போதை ஊசியால் தொற்றியவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். நல்ல மருந்து வருவதற்கு முந்திய காலம். 15–24 வயதில் தொற்றியவர்களில் பாதிப்பேர் இறக்க 12.5 ஆண்டு எடுத்தது. 45–54 வயதில் தொற்றியவர்களில் அது 7.9 ஆண்டு. வயதைச் சமன்செய்த பிறகு, எந்த வழியில் தொற்றியது என்பதால் ஆயுளில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

இன்னும் ஒரு பொறி இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரத்தம் ஏற்றப்பட்டவர்களில் கணிசமானோர், எந்த நோய்க்காக ஏற்றினார்களோ அந்த நோயாலேயே சில மாதங்களில் இறந்துவிடுவார்கள். அவர்களுக்கு எச்.ஐ.வி. சோதனையே நடந்திருக்காது. பின்னால் தடம்பார்த்துப் போகும்போது பிழைத்துக் கிடப்பவர்கள் மட்டுமே அகப்படுவார்கள். ஆகவே இப்படிப்பட்ட ஆய்வுகளில் யார் எண்ணப்படவில்லை என்பதையும் கேட்டாக வேண்டும்.

வயது ஏன் இப்படிச் செய்கிறது?

எச்.ஐ.வி. குறிவைப்பது சி.டி.4 எனப்படும் வெள்ளணுக்களை. நோய் எதிர்ப்புப் படையின் மற்ற அணுக்களுக்கு உத்தரவு கொடுப்பவை இவை. 'உதவியணு' என்று சொல்லலாம். சுகதேகி ஒருவரின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீற்றருக்கு 500 முதல் 1,500 வரை இருக்கும். 200க்குக் கீழே இறங்கினால், சாதாரண ஆளை ஒன்றும் செய்யாத பூஞ்சைகளும் கிருமிகளும் உள்ளே புகுந்துவிடும். அந்தக் கட்டம்தான் எய்ட்ஸ்.

தம்புள்ளைக்காரருக்குக் கண்டலம குளம் தெரியும். குளத்தின் மட்டம் வான்கதவால் வெளியேறும் நீரை மட்டும் பொறுத்ததல்ல, மலைப்பக்கத்திலிருந்து வந்து சேரும் நீரையும் பொறுத்தது. வைரஸ் நாளும் உதவியணுக்களைக் கொல்வது வெளியேற்றம். உடல் புதிதாக உற்பத்தி செய்து ஈடுகட்டுவது வரத்து. வரத்து பலமாக இருக்கும்வரை கதவு திறந்திருந்தாலும் மட்டம் மெதுவாகத்தான் இறங்கும்.

புதிய உதவியணுக்களைப் பயிற்றி அனுப்பும் இடம் நெஞ்செலும்பின் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி. குழந்தையில் பெரிதாக இருக்கும். பருவ வயதிலிருந்து சுருங்கத் தொடங்கி, நடுவயதில் பெரும்பகுதி கொழுப்பாக மாறிவிடும். ஐம்பத்தைந்து வயதுக்காரருக்குப் புதிய வரத்து மிகவும் குறைவு. இருக்கும் பழைய அணுக்கள் தம்மைத்தாமே பிரித்துப் பெருக்கிச் சமாளிக்க வேண்டும். வயது கூடியவரின் சி.டி.4 எண்ணிக்கை வேகமாக இறங்குவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

சிட்னியின் விசித்திரக் கொடையாளி

வாசல் முக்கியமல்ல, வயது முக்கியம் என்றேன். வைரசுக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவில் இரத்தம் ஏற்றியவர்களைத் தடம்பார்த்தபோது, கொடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே எய்ட்ஸ் வந்த கொடையாளிகளிடமிருந்து இரத்தம் பெற்றவர்கள் மற்றப் பெறுநர்களைவிட வேகமாக நோயுற்றது தெரிந்தது.

இதன் மறுமுனையில் இருக்கிறது சிட்னி. 1980களின் தொடக்கத்தில் அங்கே ஒரு மனிதர் பல தடவை இரத்தம் கொடுத்தார். அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது, அன்று சோதனை இல்லை. பிறகு செஞ்சிலுவை இரத்த சேவையைச் சேர்ந்த ஜெனிஃபர் லியர்மொன்ட் பதிவேடுகளைப் புரட்டியபோது, அவருடைய இரத்தம் ஏறிய எட்டுப் பேருக்குத் தொற்று இருந்தது. ஆனால் ஆண்டுகள் போயும் அவர்களுக்கு எய்ட்ஸ் வரவில்லை, கொடையாளிக்கும் வரவில்லை. முதிய வயதில் தொற்றியவர்கள்கூட மருந்தில்லாமலே இருந்தார்கள். 1995இல் காரணம் வெளியானது. அந்த வைரசின் 'நெஃப்' என்ற மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அதாவது பல் விழுந்த வைரஸ். அதையே தடுப்பூசியாக்கிவிடலாமா என்று சிலர் ஆவலோடு பேசினார்கள். நல்ல வேளையாக அவசரப்படவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் போனபோது, கொடையாளிக்கும் பெற்றவர்களில் சிலருக்கும் சி.டி.4 இறங்கத் தொடங்கிற்று. பல் விழுந்தாலும் கடித்துக்கொண்டுதான் இருந்தது.

கமலிகா அபேரத்ன

இதுவரை எண்களையே பார்த்தோம். இலங்கையில் இந்த விடயத்துக்கு ஒரு முகம் உண்டு.

டொக்டர் கமலிகா அபேரத்ன ஒரு குழந்தை நல வைத்தியர். 1990களின் நடுப்பகுதியில் ஒரு வீதி விபத்தில் படுகாயமடைந்தார். உயிரைக் காப்பாற்ற ஏற்றிய இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அப்போது அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. மேலே பார்த்த கணக்கில் அது கடைசி வரிசை: மருந்தில்லாமல் பத்து ஆண்டு தாண்டுபவர்கள் நூற்றுக்கு 12.

எச்.ஐ.வி. என்றால் பெயரைச் சொல்லவே பயந்த நாட்டில் அவர் தன் தொற்றை வெளிப்படையாகச் சொன்னார். தொற்றோடு வாழ்பவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். மருந்து எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று பேசினார். பலரும் இரத்தத்தால் வந்தவரை 'அப்பாவி' என்றும் மற்றவரைக் குற்றவாளி என்றும் பிரித்துப் பேசுவார்கள். தொற்றோடு வாழும் எல்லோருக்காகவும் உழைத்ததன் மூலம் அவர் அந்தப் பிரிவினைக்கு இடம் கொடுக்கவில்லை. வைரஸ் செய்யாத பாகுபாட்டை மனிதன் ஏன் செய்ய வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் முழுவதன் கணக்கும் கேட்பது.

மருந்தின் கதை அவர் வாழ்ந்த ஆண்டுகளோடு ஒட்டி ஓடியது. 1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. வைரசின் பெருக்கத்தை அது கிட்டத்தட்ட நிறுத்தியது. ஆனால் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் செலவு. 2001 பெப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் இப்படியான ஒரு மும்மருந்துச் சிகிச்சையை நாளொன்றுக்கு ஒரு டொலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது. இலங்கை அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004இல். கமலிகா இறந்ததும் அதே 2004இல்தான்.

சாத்தூர், 2018

சோதனை இருந்தும் தவறு நடக்குமா? நடக்கும், இரண்டு வழியில். ஒன்று இயற்கையின் தடை: தொற்றிய முதல் சில வாரங்களில் சோதனைக்குத் தென்படும் அளவுக்கு அடையாளங்கள் இரத்தத்தில் சேர்ந்திருக்காது. இன்றைய நல்ல சோதனைகளில் இந்த 'மறைகாலம்' இரண்டு மூன்று வாரமாகக் குறைந்திருக்கிறது. வைரசின் மரபணுவையே தேடும் சோதனையில் இன்னும் குறைவு. மற்றது மனிதத் தவறு.

2018 டிசம்பரில் தமிழ்நாட்டில், விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றிய இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது, 2016இல் அவர் கொடுத்த இரத்தத்தைச் சோதித்தபோதே தெரிந்திருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் தெரிந்ததும், அவரே ஓடிவந்து இரத்த வங்கியிடம் சொன்னார். பல நிபுணர்கள் செய்யத் தவறியதை ஒரு பொடியன் செய்தான். ஆனால் அதற்குள் இரத்தம் ஏற்றியாகிவிட்டது. குற்ற உணர்வு தாளாமல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை.

அந்தப் பெண்ணின் ஆயுளை நம் பழைய பட்டியலில் தேடினால் பிழையாகிவிடும். அந்தப் பட்டியல் நல்ல மருந்து வருவதற்கு முன் வரைந்தது. 2008–10 காலத்தில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 20 வயதில் மருந்து தொடங்கி, முதல் ஆண்டிலேயே நல்ல பலன் கண்டவர்கள் 78 வயதுவரை வாழலாம் என்று 2017இல் கணக்கிட்டார்கள். சாதாரண மனிதரின் ஆயுளுக்குக் கிட்டிய தூரம். சாத்தூரில் தொற்றிய நாள் தெரியும், வயது குறைவு, சிகிச்சை சில வாரங்களிலேயே கைக்கெட்டியது. டார்பியின் நோயாளிகளில் எவருக்கும் இந்த மூன்றும் சேர்ந்து வாய்க்கவில்லை.

வயதின் பிடி முற்றாகத் தளர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருந்து வான்கதவை மூடுகிறது, வரத்தைத் தருவதில்லை. அறுபதில் மருந்து தொடங்குபவரின் சி.டி.4, இருபதில் தொடங்குபவருடையதைவிட மெதுவாகவே ஏறும். அதனால் மூத்தவர்களுக்குத்தான் தாமதம் ஆபத்து. ஆனால் அவர்களுக்கு எச்.ஐ.வி. இருக்கலாம் என்று வீட்டாரும் சந்தேகிப்பதில்லை, பல நேரம் வைத்தியரும் சந்தேகிப்பதில்லை.

இன்று தம்புள்ளையில்

இலங்கையின் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் ஒரு வெளிநாட்டவரிடமும், 1987இல் ஓர் இலங்கையரிடமும் கண்டறியப்பட்டது. இன்று நாரஹேன்பிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய இரத்த மாற்றுச் சேவை, நாட்டின் ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கிறது. காசுக்கு இரத்தம் வாங்குவதில்லை. உறவினரைக் கூட்டிவந்து ஈட்டுக்கு இரத்தம் கொடுக்கச் சொல்லும் பழைய வழக்கமும் 2014இலிருந்து இல்லை. இரத்தம் முழுவதும் தன்னார்வக் கொடை. போயா தினங்களிலும் மற்ற நாட்களிலும் விகாரைகள், பாடசாலைகள் போன்ற இடங்களில் நடக்கும் முகாம்களில் பெரும்பகுதி சேர்கிறது. காசுக்காகவோ சொந்தக்காரரின் நிர்ப்பந்தத்துக்காகவோ கொடுப்பவர் தன் நிலையை மறைக்கக் காரணம் உண்டு. போயா தினத்தில் புண்ணியத்துக்குக் கொடுப்பவருக்கு அந்தக் காரணம் இல்லை. நம் இரத்தத்தின் பாதுகாப்பில் சோதனைக் கருவிக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இதற்கும் உண்டு என்பது என் கணிப்பு.

முகாமுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊசி போடுமுன் தரும் வினாப்பத்திரத்தை அவசரத்தில் கோடிட்டுக் கொடுத்துவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அன்று கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். யாரும் காரணம் கேட்டுத் துருவமாட்டார்கள். தொற்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக இரத்தம் கொடுக்க ஒருபோதும் போகாதீர்கள். அதற்கென்றே நாடெங்கும் அரச வைத்தியசாலைகளில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. சோதனை இலவசம், பெயர் வெளியே போகாது. தொற்று இருந்தால் அன்றிலிருந்தே மருந்தும் இலவசம். வீட்டில் அறுபது தாண்டியவர் ஒருவர் காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் மெலிந்து, காய்ச்சலும் வயிற்றோட்டமும் மாறாமல் கிடந்தால், சோதிக்கும் பட்டியலில் எச்.ஐ.வி.யையும் சேர்க்கும்படி வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள்.